பெட்டகத்துத் தாள்

எழுதிப் பிழைக்கப்போகிறேன் என்று பள்ளிக்கூட உத்தியோகத்தை விட்டபோது எனக்கு வயது முப்பத்திரண்டு. அறியாத வயது என்று சாட்டுச் சொல்ல முடியாது. ஊர் அந்த முடிவை ஏற்றுக்கொள்ளவே இல்லை. அதற்குப் பிறகும் என்னை 'வாத்தியார்' என்றுதான் கூப்பிட்டது. காய்ச்சல்காரன் எப்படியும் எழும்பி வருவான் என்று காத்திருப்பதைப் போல எல்லாரும் பொறுமையாகக் காத்திருந்தார்கள்.

நான் எழுத விரும்பியது சிரிப்புக் கதைகள். பன்னிரண்டு எழுதியும் வைத்திருந்தேன். ஆனால் யாழ்ப்பாணத்தில் சிரிப்பதற்கு எவரும் எழுத்துக்காரனைத் தேடுவதில்லை. அதை அயலவனைப் பார்த்துத் தாங்களே செய்துகொள்வார்கள். அழுவதற்குத்தான் ஆள் தேவை. ஒருவர் செத்தால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குச் சாப்பிட வருகிறவர்களின் கையில் ஒரு சிறு பாட்டுப் புத்தகம் கொடுக்க வேண்டும். அதற்குக் கல்வெட்டு என்று பெயர். ஊர்ச் சிறப்பு, வம்சம், குணநலம், பிறகு மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல். ஒரு மைத்துனரின் பெயர் விடுபட்டால் அவர் பந்தியிலிருந்து எழும்பிப் போவார். போகிறவர் பாயசம் வந்த பிறகுதான் போவார் என்பது வேறு விஷயம்.

எனக்குச் சோறு போட்டது அந்தப் புலம்பல்தான். அவசரத்தில் பழைய பாட்டில் பெயரை மாற்றி ஓட்டியதும் உண்டு. ஒருமுறை பண்டத்தரிப்பில் ஒரு கமக்காரருக்கு எழுதியதைக் காங்கேசன்துறையில் பாய்க்கப்பல் ஓட்டிய பெரியவருக்குத் திருப்பியபோது, 'ஏர் பிடித்த கை' என்ற அடியை மாற்ற மறந்துபோனேன். அடி வாங்கும் ஆயத்தத்தோடுதான் அந்தியேட்டிக்குப் போனேன். மூத்த மகன் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"அப்புவுக்குக் கடைசிவரைக்கும் ஒரு வயல் வாங்கோணுமெண்டு ஆசை. வெளியாலை சொன்னதில்லை. உமக்கு ஆர் சொன்னது?"

புலவனுக்குத் தெரியாமல் இருக்குமா என்பது போல முகத்தை வைத்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தேன்.

இந்தக் கதை உரும்பிராயில் இருந்த ஒரு மலாயாப் பென்சன்காரரின் காதுக்கு எட்டியிருக்கிறது. ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். சாய்மனைக் கதிரையில் இருந்தபடியே என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"வாத்தியார், நான் செத்தாப் பிறகு நீர் என்னத்தை எழுதுவீரோ தெரியாது. ஏர் பிடிச்சனானெண்டும் எழுதுவீர். நான் இருக்கேக்கையே எழுதும். நான் வாசிச்சுத் திருத்தோணும்."

"அப்பிடி ஒரு வழக்கம் இல்லையே, ஐயா."

"ரெயில்வேயிலை முப்பது வருசம் இருந்தனான். நான் பாராமல் ஒரு கடுதாசியும் என்ரை மேசையைத் தாண்டினதில்லை. இதுமட்டும் தாண்டுமோ?"

எனக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். கேட்கிறவர்கள் குறைவு என்பதால் வெட்கத்தை விட்டு என் பன்னிரண்டு கதைகளைச் சொன்னேன். கல்வெட்டு தமக்குத் திருப்தியாக முடிகிற அன்று என் புத்தகம் அச்சகத்துக்குப் போகும் என்றார். சீமையில் சண்டை வரப்போகிறது என்று பேப்பரில் படித்துவிட்டு, அடுத்த கிழமையே மூன்று ரீம் வெள்ளைத்தாள் வாங்கி, உள்ளறைப் பெட்டகத்தில் கற்பூரம் போட்டு வைத்தார். நான் போகும்போதெல்லாம் மூடியைத் திறந்து காட்டுவார். என் வாழ்க்கையின் இலட்சியத்தைக் கற்பூர வாசனையோடு பார்த்துவிட்டு, மூடியதும் திரும்பி வருவேன்.

அப்படி மூன்று வருடம் சோளகக் காற்றுக்கு எதிராகச் சைக்கிள் மிதித்தேன். போகும்போதெல்லாம் மரவள்ளிக்கிழங்கோ வெங்காயப் பிடியோ சைக்கிளில் கட்டிவிடுவார். என் வீட்டில் அடுப்பு எரிந்ததற்கு அதுவும் ஒரு காரணம். அதை நான் மறைக்கப்போவதில்லை. ஆனால் கல்வெட்டு முடியவில்லை. ஒருவர் சாகாமல் அதை முடிப்பது எவ்வளவு கடினம் என்று எனக்கு முன்பு தெரியாது. வேலிச் சண்டையில் தம்பியின் புலம்பலை வெட்டச் சொல்வார். தைப்பொங்கலுக்குத் தம்பி வந்து கும்பிட்டால் திரும்பச் சேர்க்கச் சொல்வார். கொழும்பில் மகளுக்குப் பிள்ளை பிறக்கும். பேரன் புலம்பல் வேண்டும். அந்தப் பேரனுக்கு அப்போது தன் பசிக்கு மட்டும்தான் புலம்பத் தெரியும்.

ஒருநாள் மனைவி புலம்பலை வாசித்துக் காட்டினேன்.

"தேக்கங் கதிரையிலே தெம்பாய் இருந்தவரே,
பார்க்கும் திசையெல்லாம் உம்முகமே தோன்றுதையோ..."

குசினி அடுப்படியிலிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. "நான் உப்பிடி அழமாட்டன்."

பென்சன்காரர் நிமிர்ந்தார். "இஞ்சேரும், உது பாட்டு. உம்மை ஆர் இப்ப அழச் சொன்னது?"

"என்ரை பேரிலைதானே அழுகிறார். இவர் மலாயாவிலை இருக்கேக்கை கலியாணம் முடிச்சுப் பதினெட்டு வருசம் நான் இஞ்சை தனிய இருந்தனான், வாத்தியார். அவரின்ரை முகம் ஒரு திசையிலையும் தோன்றேல்லை. தபால்காரன்ரை முகம்தான் தோன்றினது."

எனக்குச் சிரிப்பு வந்தது. பெட்டகத்தை நினைத்து அடக்கிக்கொண்டேன். "அப்ப என்ன எழுதட்டும், அம்மா?" என்று குசினிப் பக்கம் பார்த்துக் கேட்டேன்.

அரிசி களைகிற சத்தம் நின்றது. பிறகு சொன்னார்: "அரிசி எவ்வளவு போடுறதெண்டு தெரியாமல் நிண்டாளெண்டு எழுதும்."

"உது பாட்டுக்கு வராது," என்றார் பென்சன்காரர்.

வராதுதான். எதுகை இல்லை. நானும் அவரோடு சேர்ந்து தலையாட்டினேன். அந்த வீட்டில் ஒரே ஒரு எழுத்துக்காரர்தான் இருந்தார், அது நானில்லை என்பது எனக்கு அன்று உறைத்தது.

சண்டை சொன்னபடியே வந்தது. கடைகளில் தாள் இல்லாமல் போனது. அரிசியும் ஆளுக்கு இவ்வளவென்று அளந்து கொடுக்கிற கூப்பனுக்கு வந்தது. பெட்டகத்து மூன்று ரீம் தாளுக்கு யாழ்ப்பாணத்து அச்சகக்காரர்கள் என்னைக் கண்டால் கதிரை போடத் தொடங்கினார்கள். அந்த வருடம்தான் அந்த அம்மா பத்து நாள் காய்ச்சலில் கிடந்து போனார். ஒருவரும் எதிர்பார்க்கவில்லை. போகவேண்டியவர் பட்டியலில் பென்சன்காரர்தான் முதலாவதாக இருந்தார், பாட்டும் தயாராக இருந்தது.

எட்டாம் நாள் சடங்கு முடிந்த பின் என்னைக் கூப்பிட்டார். சவரம் செய்யாத முகம். "அவளுக்கு எழுதோணும். புதுசா எழுத நாளில்லை. எனக்கெண்டு அவள் அழுததாக எழுதினீரெல்லே, உதைத் திருப்பி நான் அழுகிற மாதிரிப் போடும்."

திருப்புவது என் தொழில். முதல் அடியிலேயே நின்றுவிட்டேன். "தேக்கங் கதிரை வராது, ஐயா. அம்மா வழக்கமா எங்கை இருக்கிறவ?"

அவர் யோசித்தார். குசினி வாசலைப் பார்த்தார், முற்றத்தைப் பார்த்தார்.

"தெரியேல்லை, வாத்தியார். அவள் இருந்ததை நான் காணேல்லை."

அந்த அடியை விட்டுவிட்டு இரண்டாவதிலிருந்து எழுதினேன்.

எழுதி முடிந்ததும் தாள் பிரச்சினை வந்தது. எந்தக் கடையிலும் இல்லை. கல்வெட்டு இல்லாமல் அந்தியேட்டி செய்தால் சனம் என்ன சொல்லும் என்று கொழும்பிலிருந்து வந்திருந்த மகள் அழுதாள். பென்சன்காரர் என்னிடம் தாள் கேட்கவில்லை. பெட்டகம் இருந்த பக்கம் பார்க்காமல் இருக்க அவர் பட்ட பாடுதான் என்னைக் கொன்றது. நானும் பார்க்காமல் கொஞ்ச நேரம் இருந்தேன். நான் அவ்வளவு பெரிய மனிதன் இல்லை.

"உள்ளுக்கை தாள் இருக்கெல்லே, ஐயா," என்றேன் கடைசியில்.

"அது உம்மடை."

"கற்பூரம் போட்டது நீங்கள்தானே."

மூன்று ரீமும் போய்விட்டது. பெரிய குடும்பம், பெரிய ஊர். நான் எழுதியதில் வீடுவீடாகப் போனது அது ஒன்றுதான். பல வீடுகளில் இன்றும் கூரை வளையில் செருகியிருக்கும். கதைகள் பன்னிரண்டும் இன்னும் கையெழுத்துப் பிரதியாகவே கிடக்கின்றன. சண்டை முடிந்து தாள் வந்தபோது வாசித்துப் பார்த்தேன். ஐந்துக்கு மேல் சிரிப்பு வரவில்லை.

அந்தியேட்டி முடிந்து மகள் கொழும்புக்குப் போன பிறகு ஒருநாள் மத்தியானம் உரும்பிராய்க்குப் போனேன். சமைக்க வைத்த மனிசியோடு சண்டை பிடித்து அனுப்பிவிட்டாராம். சாய்மனைக் கதிரையில் ஆளில்லை. குசினிக்குள் அடுப்படியில், வேட்டியில் கரி படிய நின்றார். பெரிய பானையிலிருந்து சோறு பொங்கி அடுப்பில் வழிந்துகொண்டிருந்தது. அந்தக் கூப்பன் காலத்தில் ஒரு ஆளின் ஒரு கிழமை அரிசி இருக்கும்.

"வாரும் வாத்தியார், இரும், சாப்பிடும்," என்றார் திரும்பிப் பாராமலே. "அரிசி கூடப் போட்டிட்டன்."

நான் வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் போயிருந்தேன். நிலத்தில் உட்கார்ந்து சோற்றுக் கோப்பையை வாங்கினேன். இரண்டாந்தரமும் போடச் சொன்னேன். சோறு நன்றாகக் குழைந்திருந்தது.