சீப்பில்லாமல் வந்த முதலாளி

எங்கள் முதலாளி ஒரு நடிகர். கைப்பேசி அடித்தால்கூடத் தலை வாரிவிட்டுத்தான் எடுப்பார். பிரிக்பீல்ட்ஸில் சொந்தமாகப் படக் கம்பெனி தொடங்கினார். முதல் படம் ஓடியது; அடுத்த இரண்டும் கம்பெனியையே சாய்த்துவிட்டன.

அலுவலகத்தை மூடிய மறுநாள் அவர் போனை எடுக்கவில்லை. விபரீதம்தான் என்று நானே முடிவு கட்டி, துக்க வீட்டுக்கேற்ற வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு, இரங்கல் உரையை முணுமுணுத்தபடி கிள்ளானில் இருந்த அவர் வீட்டுக்குக் காரை விரட்டினேன்.

கலைந்த தலையோடு அவரே கதவைத் திறந்தார்.

"நல்லா தூங்கிட்டேன் லா. இனி மத்தவங்க படத்துல நடிச்சா போதும். சோறு வந்துச்சா, கேமரா வந்துச்சான்னு நான் பாக்க வேணாம். ஆமா, நீ என்ன வெள்ளைச் சட்டையில?"

"கோயிலுக்குப் போறேன், பாஸ்."

"அடப்பாவி, இவ்வளவு நல்லா நடிக்கிறியே! உன்னை ஹீரோவா போட்டிருந்தா கம்பெனி பொழச்சிருக்கும்."

சீப்பைத் தேடாமலே சிரித்தார். அப்படி அவர் சிரித்ததை எந்தப் படத்திலும் நான் பார்த்ததில்லை.