அந்தோணியின் கப்பலில் பெய்த மழை

இன்று காலை காசிமேட்டில் வஞ்சிரத்துக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு குரல்.

“இன்னா ரோஸி பைலட்டு, என் கப்பல் இன்னும் வெளியவே நின்னுகினு கீது.”

தலை முழுக்க நரைத்த அந்தோணி!

எழுபதுகளில், சின்ன வயதில், ராயபுரத்தில் நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து உண்டாக்கிய துறைமுக ஆட்டம் அது. சாக்பீஸில் கடல், சோழி உருட்டினால் காற்று. அந்தோணி கேப்டன், செல்வம் கஸ்டம்ஸ், நான் கப்பலுக்கு வழிகாட்டும் பைலட். நான் தோளைத் தொட்டு “உள்ள வா” என்று சொல்லாமல் கப்பல் துறைமுகத்துக்குள் நுழையக் கூடாது. வெளியே நிற்கும் கப்பலில் மூன்று உருட்டில் குடிதண்ணீர் தீர்ந்துவிடும். இப்படி ஆயிரம் விதிகள், ஆயிரம் சண்டைகள். ஒரு ஆட்டம் பாதியில் நிற்கும்போதே எங்கள் வீடு பெரம்பூருக்கு மாறிவிட்டது.

விட்டுவிடுவேனா?

“மூணு உருட்டுல குடிதண்ணி தீர்ந்திருக்கணுமேடா. இன்னா பண்ண?”

“மழை பெஞ்சிச்சு. புடிச்சி வச்சிகினேன்.”

“நம்ம ஆட்டத்துல மழையே கெடையாது!”

“இத்தினி வருசத்துல ஒரு மழகூடவா பெய்யாது?”

மீன் ஈரத்தோடு அவன் தோளைத் தொட்டு, “உள்ள வா” என்றேன். அவன் வாயாலேயே ஊதிய கப்பல் சங்கில் மீன்காரம்மா தராசையே விட்டுவிட்டார்.

செல்வம், எங்கிருந்தாலும் வந்து சொல்: அந்த மழை செல்லுமா, செல்லாதா?