நான்கு நாள் பாக்கி

ஐப்பசி பத்தொன்பதாம் நாள், புதன்கிழமை, காலை ஐந்து மணி பத்து நிமிடம். கள்ளக்குறிச்சியில் தூறல்; மலையில் கனமழை என்றார்கள். முதல் மலைப் பேருந்துக்காகக் காத்து நின்ற எனக்குத் தங்கையின் கணவர் கைப்பேசியில் செய்தி சொன்னார். என் தங்கை கல்வராயன் மலையில், தம் வீட்டில், இயற்கை எய்தினார். வயது ஐம்பத்தெட்டு. அதில் மலையில் வாழ்ந்தது முப்பத்து நான்கு ஆண்டுகள்.

தங்கை பிறந்தது குரோம்பேட்டையில், ரயில் பாதையிலிருந்து இருநூறு அடி தள்ளி. எனக்குப் பதினான்கு வயது இளையவர். அப்பா இல்லாததால் மணம் பேசி முடித்தவன் நான். மாப்பிள்ளை மலையில் தொடக்கப் பள்ளி ஆசிரியர். "ரெண்டே வருஷம், மாறுதல் வாங்கிடலாம்" என்று தங்கைக்கு வாக்குக் கொடுத்தவனும் நான்தான். அங்கே அப்போது மின்சாரம் இல்லை. பேருந்து நாளுக்கு இரண்டு முறை. மழை பிடித்தால் அதுவும் இல்லை.

முதல் ஆண்டு தங்கையிடமிருந்து பதினோரு கடிதங்கள் வந்தன. ஒன்பதில் அழுகை. அடுத்த ஆண்டு நான்கு. மூன்றாம் ஆண்டு ஒன்றே ஒன்று. அதிலும் சாமை விளைச்சல் பற்றி எட்டு வரி. எழுதக்கூடத் தெம்பில்லாமல் போய்விட்டது என்று கணக்குப் போட்டேன். ஒரு பெண்ணின் வாழ்வைக் கெடுத்துவிட்டேன் என்ற எண்ணம் என்னைத் தூங்கவிடவில்லை. பதினேழு மனுக்கள் எழுதி, ஐந்தாம் ஆண்டு மாறுதல் ஆணையோடு மலை ஏறினேன்.

சாமைக் கொல்லையில் நின்றபடியே தங்கை ஆணையைப் படித்தார். "இப்ப வர முடியாதுண்ணா. நாலு நாள் பாக்கி இருக்கு" என்றார்.

அந்த ஊரில் அறுப்புக்குக் கூலி ஆள் கிடையாது. ஒரு வீட்டார் நிலத்துக்கு மற்ற வீட்டார் வந்து உழைப்பார்கள். வந்தவர்கள் நிலத்துக்கு இவர்களும் போய்த் தீர்க்க வேண்டும். தங்கை குத்தகைக்கு எடுத்த ஒன்றரை ஏக்கருக்குப் பதினோரு வீட்டார் வந்திருந்தார்கள். தங்கை திரும்பப் போனது ஏழு வீட்டுக்கு.

மாப்பிள்ளைதான் தடுக்கிறார் என்று எண்ணி அவரிடம் சத்தம் போட்டேன்.

"மச்சான், நான் பொட்டி கட்டி வச்சாச்சி. உங்க தங்கச்சியக் கேளுங்க" என்றார்.

நாலு நாள்தானே என்று தங்கினேன். நான்காம் நாள் மாலை எண்ணினால் பாக்கி ஆறு. இதற்குள் வேறு ஆறு வீட்டார் வந்து தங்கையின் மரவள்ளிக்குக் களை எடுத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

பக்கத்து வீட்டு அம்மாளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இன்னா சார், எண்ணிக்கினே இருக்கீங்க? உங்க தங்கச்சி தீக்கவே மாட்டாங்க. தீந்துட்டா நீங்க இட்டுக்கினு பூடுவீங்க இல்ல!"

தங்கை மறுக்கவில்லை. "குரோம்பேட்டையில நான் ஒரு நாள் வெளிய வரலன்னா யாரு தேடினாங்க? இங்க எட்டு மணிக்குக் கொல்லையில காணலன்னா வூட்டு வாசல்ல ஆள் நிக்குதுண்ணா."

ஆணை காலாவதியாயிற்று. நான் மட்டும் முழுதாக நம்பவில்லை. தங்கை என் மனம் நோகாமலிருக்கத்தான் அப்படிச் சொல்கிறார் என்ற சந்தேகம் ஒவ்வொரு முறை மலையிறங்கும்போதும் என்னோடு இறங்கியது.

கடந்த புரட்டாசியில் கள்ளக்குறிச்சி மருத்துவமனையிலிருந்து பிடிவாதமாக மலைக்கே திரும்பிய தங்கையிடம் கடைசியாகக் கேட்டேன். "உன்னைக் கெடுத்துட்டேனாம்மா?"

"முப்பது வருஷமா இதையே கேக்கறே. வேற வேலையே இல்லியா உனக்கு?" என்று சிரித்தார். பிறகு, "நான் கண்ண மூடினா பொறந்த வூட்டுக் கோடிச் சேல நீதான் போடணும். பட்டு எடுத்துக்கினு வராதே. பட்டுல இவங்க யாரும் என்னைப் பாத்ததில்ல; அடையாளம் தெரியாது" என்றார்.

என் சந்தேகம் அன்றோடு தீர்ந்தது.

கொட்டும் மழையில் தங்கையைத் தோளில் சுமந்தவர்களுக்கும், இந்தப் பதினாறு நாளும் முறை வைத்து எங்களுக்குச் சோறு கொண்டுவந்த இருபத்து மூன்று வீட்டாருக்கும் என் வணக்கம். இதைத் தீர்க்க என் வயது போதாது. அந்தப் புதன்கிழமை விடியும் முன்னரே எனக்காகக் கடைக் கதவைத் தூக்கி, கொல்லை வேலைக்குக் கட்டுகிற மாதிரியான நீல நூல் சேலை ஒன்றை எடுத்துத் தந்த கள்ளக்குறிச்சி துணிக்கடைக்காரருக்கும் நன்றி. விலை நானூற்று எண்பது ரூபாய்.