லெகேட் நிரப்பாத படிவம்

எர்னஸ்ட் லெகேட் ஒரு பாக்கெட் சிகரெட்டுக்காக ஜெர்மன்காரனிடம் படை ரகசியம் எல்லாவற்றையும் கக்கிவிட்டான் என்பதுதான் 1946இல் அந்த லிங்கன்ஷயர் கிராமத்தின் பேச்சு. கோதுமை அறுவடை முடிவதற்குள் பாக்கெட் மூன்றாகிவிட்டது. விசாரித்தால், லெகேட் சிகரெட்டே பிடிப்பதில்லை. ஊருக்கு அதெல்லாம் ஒரு பொருட்டில்லை.

குண்டுவீச்சு விமானத்தின் வாலில் துப்பாக்கியோடு ஒடுங்கிக் கிடந்த சார்ஜென்ட் அவர். போரில் விமானம் சுடப்பட்டு விழுந்தபோது பாராசூட்டில் குதித்துப் பிடிபட்டார். அடுத்த வாரம் அதே படைப்பிரிவின் இன்னொரு விமானமும் விழுந்தது. அதில் உள்ளூர்ப் பையன் ஒருவன் செத்துப்போனான்; லெகேட் உளறியதால்தான் என்றது ஊர். அவனுடைய அம்மா திருமதி டிரிங், லெகேட் எதிரே வந்தால் தெருவைக் கடந்து மறுபக்கம் போய்விடுவார். மற்றவர்கள் எப்படியோ போகட்டும். அந்த ஒரு அம்மாள் தன்னை நம்பினால் போதும் என்றிருந்தது லெகேட்டுக்கு.

ஜெர்மன் விசாரணை முகாமில் செஞ்சிலுவை முத்திரையோடு ஒரு போலிப் படிவம் கொடுத்தார்கள். நிரப்பினால் வீட்டுக்குச் சீக்கிரம் தகவல் போகுமாம். பெயர், பதவி, எண் தவிர எதுவும் எழுதாதே என்று விமானத் தளத்தில் காது புளிக்கச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். லெகேட் அந்த மூன்றை மட்டும் எழுதினார். மறுநாள் விசாரணை அதிகாரி வேறொரு படிவத்தை எடுத்து வைத்தான். படைப்பிரிவு, தளம், தளபதி பெயர், அவருடைய நாயின் பெயர் வரை அதில் இருந்தது. கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையில் பார்த்த அதே சாய்ந்த எழுத்து: அவர்கள் 'ஸ்கிப்பர்' என்று அழைக்கும், அவர்களுடைய விமானி ஹாலமின் எழுத்து. கூடப் பிடிபட்ட விமானக் குழுவினரிடம் அந்த அதிகாரி, "எல்லாத்தையும் சொன்னது உங்க வால் துப்பாக்கிக்காரர்தான்" என்று சொல்லிவைத்தான். குழுவின் வயர்லெஸ்காரர் அதை நம்பி ஊர்வரை சுமந்து வந்தார்.

தேவாலயத்தில் நினைவுக்கல் திறக்கப் பதக்கத்தோடு ஹாலம் வந்தார். விழா முடிந்ததும் லெகேட் அவரை மதுக்கடைக்கு அழைத்துப்போய் ஒரு பைண்ட் பீர் வாங்கிக் கொடுத்தார்.

"ஸ்கிப்பர், திருமதி டிரிங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் வாயத் திறக்கலன்னு. யாருன்னெல்லாம் சொல்ல வேணாம்."

ஹாலம் குரலைத் தாழ்த்தினார். "என் பொண்டாட்டி நிறைமாசமா இருந்தாப்பா. சீக்கிரம் சேதி போகட்டும்னுதான் எழுதினேன். அந்தப் பையன் செத்ததுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல."

"எனக்குத் தெரியும் ஸ்கிப்பர். அந்தம்மாவுக்குத் தெரியாதே. நான் சொன்னா நம்புவாங்களா?"

கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "என்ன லெகேட், இவர்கிட்டயும் சிகரெட் கேக்குறியா?"

கடையே சிரித்தது. ஒரு நொடி தாமதித்து ஹாலமும் சிரித்தார்.

கோப்பையைக் காலி செய்துவிட்டு எழுந்தார். "சொல்றேன்ப்பா. அடுத்த ரவுண்ட் என்னோடது, இரு, வந்துடறேன்."

லெகேட் ஜன்னல் வழியே பார்த்தார். தேவாலய வாசலில் திருமதி டிரிங் ஹாலமின் கையை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டு அழுதார். ஹாலம் ஏதோ சொன்னார். அந்த அம்மாள் மதுக்கடைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, எச்சில் துப்புவதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஹாலம் தொப்பியைத் தொட்டுவிட்டுக் காரில் ஏறினார்.

கடை மூடும்வரை லெகேட் அங்கேயே உட்கார்ந்திருந்தார். இங்கிலாந்தில் மதுக்கடையில் ஒருவன் வாங்கிக் கொடுத்தால் மற்றவன் திருப்பி வாங்கிக் கொடுக்க வேண்டும். அதில் மட்டும் யாரும் ஏமாற்ற மாட்டார்கள் என்பார்கள். ஹாலம் அந்த ஒரு பைண்ட்டை இன்னும் வாங்கித் தரவில்லை.