கொதிகலனில் குறைந்துகொண்டே போன தண்ணீர்

அமெரிக்காவில் ஃபால் ரிவர் நகரத்தில், பழைய நூல் ஆலைக் கட்டடத்தில் பெருக்கித் துடைக்கும் வேலைக்கு நான் சேர்ந்த முதல் குளிர்காலம் அது. என் விரல் மூட்டுகள் வெடித்து ரத்தம் கசிந்த வாரத்திலிருந்து, காலையில் நான் வரும்போது பின்படிக்கட்டின் அடியில் என் வாளி நிறைய வெந்நீர் இருக்கும். யார் வைத்தது என்று தெரியாது. காவல் தூதரான சம்மனசுதான் என்று நினைத்து, மனதுக்குள் ஒரு ஜெபம் சொல்லிவிட்டுத் துணியை முக்குவேன். ஒருநாள் பஸ் சீக்கிரம் வந்துவிட்டது. கொதிகலன் அறையைப் பார்த்துக்கொள்ளும் எர்மீனியோ, சாவிக்கொத்து குலுங்கக் கீழே இறங்கிக்கொண்டிருந்தார்.

"நீங்கதானா அண்ணே?" என்றேன்.

"எந்த வாளி?" என்றார்.

நான் வாளி என்று சொல்லவே இல்லை.

எர்மீனியோவும் என்னைப்போல் போர்ச்சுகலிலிருந்து வந்தவர், எங்கள் சாவ் மிகெல் தீவுக்காரர். சந்தேகம் அவர் கூடவே பிறந்தது. காபி கொடுத்தால் முகர்ந்து பார்த்துத்தான் குடிப்பார். பூசையில் சமாதானம் சொல்லக் கை நீட்டினால் முதலில் கையைப் பார்ப்பார், அப்புறம்தான் முகத்தை. ஆனால் இரும்பைச் சந்தேகப்படுவது அவருடைய வேலை. வருடா வருடம் கோடை முடிந்ததும் கொதிகலனின் கதவைத் திறந்து, குழாய் குழாயாகப் புகைக்கரியைத் தேய்த்து எடுப்பார். வெளியே வரும்போது கண் மட்டும்தான் வெள்ளையாக இருக்கும். தண்ணீர் மட்டம் தெரியும் கண்ணாடிக் குழாய்க்குப் புது ரப்பர் போடுவார். கடைசியில் தீயை ஏற்றிவிட்டு, வேண்டுமென்றே தண்ணீரை வெளியே திறந்துவிடுவார். மட்டம் இறங்கினால் தீ தானாக அணைய வேண்டும்.

"அது தானா அணைஞ்சாத்தான் நான் வீட்டுக்குப் போவேன். தண்ணி இல்லாத கலத்துல தீ எரிஞ்சா, மேல தைக்கிற பொம்பளைங்க யாரும் வீட்டுக்குப் போக மாட்டாங்க" என்பார்.

நான் சொல்ல வந்த வருடமும் அப்படித்தான் எல்லாம் செய்து முடித்தார். அக்டோபர் நடுவில் கட்டடம் கதகதப்பானது. இரண்டே நாளில், நடுப்பகலில் தீ அணைந்தது. போய்ப் பார்த்தால் கண்ணாடியில் தண்ணீர் இல்லை. நிரப்பினார். சாயங்காலம் பார்த்தால் கண்ணாடி கழுத்துவரை நிறைந்திருந்தது. மறுநாளும் அதே கதை. எங்கேயும் ஒரு சொட்டு ஒழுகவில்லை. தண்ணீர் போகிறது, பிறகு வருகிறது. கட்டடம் முழுக்கக் கோட்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

மேனேஜர் ஹாலோரன் கீழே வந்தார்.

"குடிச்சிட்டுத் தண்ணி விட மறந்துட்டீங்களா?"

"நான் ஞாயித்துக்கிழமை மட்டும்தான் குடிப்பேன். அதுவும் பூசைக்கு அப்புறம்."

"இன்னொரு தடவை அணைஞ்சா வெளிக் கம்பெனிய வரச் சொல்லிடுவேன். நீங்க சாவியக் குடுத்துட்டுக் கிளம்பலாம்."

எர்மீனியோவுக்கு அறுபது தாண்டியிருந்தது. மனைவி போய்ச் சேர்ந்தாயிற்று. இங்கிலீஷும் கொதிகலன் அளவுக்குத்தான். அந்த வேலையை விட்டால் அவரை யார் எடுப்பார்கள்?

மேனேஜரே ரகசியமாக வந்து தண்ணீரை வெளியே திறந்துவிடுகிறார் என்று அவர் முடிவு கட்டினார். தையல் நூல் ஒன்றைக் கொதிகலன் அறைக் கதவின் குறுக்கே ஒட்டிவைத்தார். நூல் அறுபடவில்லை, தீ மட்டும் அணையப் பார்த்தது. ஓடிப்போய்த் தண்ணீர் விட்டுக் காப்பாற்றினார். பிறகு என்னிடம் வந்தார்.

"உன்கிட்டயும் ஒரு சாவி இருக்குல்ல?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. "மாதா சாட்சியா சொல்றேன் அண்ணே..."

"மாதாவ இழுக்காத. அவங்களுக்கு வால்வு பத்தித் தெரியாது."

நான் அவருக்காகவும் சேர்த்துச் சிலுவை போட்டுக்கொண்டேன்.

அப்போதுதான் குழாய்கள் இடிக்க ஆரம்பித்தன. உள்ளே யாரோ சுத்தியலால் அடிப்பதுபோல் டமால் டமால் என்று, மூன்றாம் மாடியிலிருந்து. அங்கே ஜன்னல் திரை தைக்கும் கடை. எர்மீனியோ தலை நிமிர்ந்தார். எங்கள் கட்டடத்தில் அறையைச் சூடாக்கும் இரும்பு ரேடியேட்டர் ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு குழாய்தான். நீராவி மேலே போவதும் அதில்தான், ஆறித் தண்ணீராகித் திரும்புவதும் அதில்தான். வால்வை முழுக்கத் திறக்க வேண்டும், இல்லையென்றால் முழுக்க மூட வேண்டும். பாதியில் விட்டால் ஆவி நுழையும், தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் அங்கேயே தேங்கும். கீழே கொதிகலன் காயும்.

சாவிக்கொத்தோடு மேலே ஏறினார். நானும் வாளியோடு பின்னால் போனேன். பார்த்தால் எல்லா வால்வும் முழுக்கத் திறந்திருந்தன. ரேடியேட்டர்களின் மேல் திரைத்துணி மலைமலையாகக் குவிந்திருந்தது.

"வந்துட்டாரு போலீஸ்காரரு" என்றாள் தலைமைத் தையல்காரி லியோனோர். "மிஷினுக்கு அடியிலயும் குனிஞ்சு பாத்துட்டுப் போங்க."

"வால்வ யாரு தொட்டது?"

"ஊசியத் தொடவே கை போதல, இதுல வால்வ வேற தொடறாங்க!"

பெண்கள் சிரித்தார்கள். அவர் இறங்கியதும் ஒருத்தி சொன்னாள்: "என் சாப்பாட்டுப் பையில இருந்த பன்னிக்கறி சொரிசோவ காணோம்டி. இந்தாளு எதுக்கு அடிக்கடி மேல வர்றாருன்னு இப்பத்தான் புரியுது."

அந்தப் பேச்சு என் மனதில் ஒட்டிக்கொண்டது. நல்ல மனிதர், ஆனால் பசி யாரையும் விடாதே. மறுநாள் பெண்கள் சாப்பிடக் கீழே போன நேரம், எர்மீனியோ படியேறுவதைப் பார்த்தேன். இடுப்பில் சாவிக்கொத்து இல்லை. கையில் செருப்பு. காலில் வெறும் உறை. விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன்.

அவர் சாப்பாட்டுப் பைகள் பக்கம் திரும்பவே இல்லை. நேராக ரேடியேட்டரிடம் போய் மேலே தொட்டார், கீழே தொட்டார். "இங்க சுடுது. இங்க பனிக்கட்டி" என்று முணுமுணுத்தார். வால்வைப் பார்த்தார். பாதி. துணிக்குவியலைத் தூக்கினார்.

அடியில் ஒரு பேசின். போர்வை சுற்றியிருந்தது. உள்ளே முட்டையும் வெண்ணெயும் சேர்த்துப் பிசைந்த இனிப்பு ரொட்டி மாவு, கர்ப்பிணி வயிறுபோல் உப்பி, மேலே கையால் கீறிய சிலுவையோடு. ஜன்னலுக்கு ஜன்னல் அப்படி ஒன்று.

எனக்குப் புரிந்துவிட்டது. சகல புனிதர் திருநாள் வருகிறது. அன்று பிள்ளைகள் வீடு வீடாக வந்து கடவுள் பேரால் ரொட்டி கேட்பார்கள், இல்லை என்று அனுப்பக் கூடாது. ஆனால் அந்த மாதத்தில் எங்கள் வீடுகளில், செலவுக்குப் பயந்து, வீட்டைச் சூடாக்கும் கேஸ் ஹீட்டரை யாரும் ஏற்றுவதில்லை. குளிரில் மாவு பொங்காது. கடையில் முழுச் சூடு வைத்தால் மாவு ஓரத்தில் வெந்துவிடும். அதனால் பாதி. சாவிக்கொத்து சத்தம் கேட்டதும் முழுக்கத் திறந்துவிடுவார்கள்.

பெண்கள் திரும்பி வந்தார்கள். லியோனோர் வாசலிலேயே நின்றுவிட்டாள். தைக்கும் இடத்தில் தின்பண்டம் வைத்தால் அன்றே வேலை போய்விடும். அவளுக்கு மூன்று பிள்ளைகள்.

படியில் பூட்ஸ் சத்தம். ஹாலோரன்.

எர்மீனியோ துணியை மாவின் மேல் போட்டார். வால்வைக் கடைசிவரை திருகித் திறந்தார்.

"செருப்பில்லாம இங்க என்ன பண்றீங்க?"

"சத்தம் எங்கேருந்து வருதுன்னு பாத்தேன். கண்டுபிடிச்சாச்சு. இனி அணையாது."

"என்ன காரணம்?"

"வால்வு."

"யாரு தொட்டது?"

ஒரு மிஷினும் ஓடவில்லை. லியோனோரின் உதடு மட்டும் அசைந்தது. ஜெபம்தான்.

"நான்தான் சரியாத் திறக்காம விட்டுட்டேன்" என்றார் எர்மீனியோ.

ஹாலோரன் அவருடைய காலுறையைப் பார்த்தார், அப்புறம் முகத்தை. "கெடுக்கிறதும் நீங்களே, கண்டுபிடிக்கிறதும் நீங்களேவா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

லியோனோர் அழுதாள். "அழுது மாவுல உப்பக் கூட்டாத" என்றார் அவர். "எல்லாத்தையும் கீழ கொண்டு வாங்க. கலத்துக்குப் பின்னால பலகை இருக்கு. பேசினுக்கு மூடி இருக்கணும், கரி விழும்."

அந்தக் குளிர்காலம் முழுக்கத் தீ ஒரு தடவைகூட அணையவில்லை. திருநாள்களுக்கெல்லாம் மாவு கொதிகலன் அறையில்தான் பொங்கியது. சொரிசோவை யார் எடுத்தது என்று மட்டும் இன்றுவரை தெரியாது.

ஆனால் மேனேஜருக்கு விழுந்த சந்தேகம் ஆறவில்லை. வேலையில் ஒட்டிக்கொள்ளத் தானே கெடுத்துத் தானே சரிசெய்தவன் என்று நம்பிவிட்டார். பனி உருகியதும் வெளிக் கம்பெனியோடு பேசி முடித்தார். எனக்குத் தாங்கவில்லை. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று ஆபீஸ் பக்கம் நடந்தேன். எர்மீனியோ படிக்கட்டில் குறுக்கே நின்றார்.

"நீ சொன்னா அந்தப் பொண்ணுக்கு வேலை போகும். எனக்குத் திரும்பி வராது. அவன் என்னையும் நம்ப மாட்டான், உன்னையும் நம்ப மாட்டான். போனேன்னா, நாளையிலேருந்து உன் வாளியில பச்சைத் தண்ணிதான், பாத்துக்க."

வாளி விஷயத்தை அவர் ஒத்துக்கொண்டது அந்த ஒரு தடவைதான். நான் திரும்பி வந்துவிட்டேன்.

தீவில் இருக்கும் தங்கை வீட்டுக்கே போவதாகச் சொன்னார். அங்கே கொதிகலன் தேவைப்படாது. விமான நிலையம் போகும் பஸ் கோயிலுக்கு எதிரே நின்றது. வழியனுப்ப நான் மட்டும் போயிருந்தேன். லியோனோருக்கு முகம் காட்ட வெட்கம். இனிப்பு ரொட்டி ஒன்றைத் துண்டில் சுற்றிக் கொடுத்தனுப்பியிருந்தாள், இன்னும் சூடு ஆறவில்லை.

எர்மீனியோ அதை முகர்ந்தார். விரலால் அழுத்தினார். திருப்பிப் போட்டு அடிப்பக்கத்தைப் பார்த்தார். டிரைவர் ஹாரன் அடித்தார். ஒரு காலைப் படியில் வைத்தபடி என் பக்கம் குனிந்தார்.

"உண்மையச் சொல்லு சுல்மீரா. இத அவ எங்க வெச்சுப் பொங்க வெச்சா?"