தாளிக்கிற வாசனை

ஆரணியில் அம்மை பரவியிருந்தது. அம்மை குத்த வருபவரை விரட்டுவதற்காக, நோயில்லாத எங்கள் தறி வீட்டு வாசலிலும் வேப்பிலை கட்டியிருந்தோம்.

வந்தவர் முகமெல்லாம் அம்மைத் தழும்பு. எந்த வாசலிலும் பேசுமுன் மூக்கை உயர்த்தி முகர்வார். எங்கள் வாசலிலும் முகர்ந்தார். உள்ளே கடுகு வெடித்தது. 

“அம்மா வந்த வூட்ல தாளிப்பாங்களாங்க?” என்றார்.

நான் அடுக்களைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

“குத்திக்கினவங்கள்ல எத்தினி பேருக்கு வந்துது, குத்தாதவங்கள்ல எத்தினி பேருக்கு வந்துதுன்னு கணக்கெடுத்துகினு வரேன். நீங்க பொய்யா வேப்பில கட்டினா, குத்தறது காப்பாத்துதான்னு எப்படிங்க தெரியும்?”

அடுத்த வாசலிலும் வேப்பிலை. அவர் முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார். தாளிக்கிற வாசனைக்காக அப்படி ஏங்கி நின்ற ஒருவரை அதற்குப் பிறகு நான் பார்த்ததில்லை.

மெதுவாகக் குனிந்து, செருப்பைக் கழற்றினார்.