திங்கட்கிழமை இடுப்பு

மணி பதினொன்று. போன் இன்னும் அடிக்கவில்லை.

காலையிலிருந்து இரண்டு தடவை அரிசி களைந்துவிட்டேன். முதலில் களைந்ததை மறந்துபோய், வேறு பாத்திரத்தில் மறுபடியும். சாமி விளக்குக்கு எண்ணெய் விடப் போனவள் வழிய வழிய ஊற்றிவிட்டு, அதையும் துடைத்துவிட்டு, இதோ உங்களோடு வந்து உட்கார்ந்திருக்கிறேன். கை எழுதுகிறது... காது மட்டும் போன் பக்கம்.

அப்படி என்ன பதற்றம்? யாருக்காவது பிரசவமா, ஆபரேஷனா? ஒன்றும் இல்லை. என் வீட்டுக்காரர் எடை பார்த்துக்கொள்ளப் போயிருக்கிறார்.

சிரிக்காதீர்கள். முழுசாகக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

அவருக்குத் துறைமுகத்தில் வேலை என்று முன்பே எழுதியிருக்கிறேன். ஒரு காண்ட்ராக்டரிடம். கன்டெய்னர் தூக்குகிற ராட்சத கிரேன் இருக்கிறதல்லவா, அதன் உச்சிக்கு ஏறி இரும்பு வடத்துக்கு கிரீஸ் போடவேண்டும், எங்கே தேய்ந்திருக்கிறது என்று பார்க்கவேண்டும். ஏறும்போது தோள், இடுப்பு, தொடை எல்லாவற்றையும் சுற்றி ஒரு பெல்ட் மாட்டிக்கொள்வார்கள். கால் தவறினால் பிடிப்பது அதுதான். அந்த பெல்ட் தாங்குவது நூறு கிலோ. ஆளும், ஆள் இடுப்பில் தொங்குகிற ஸ்பானர், சுத்தியலும் சேர்த்து நூறு.

சித்திரை மாதம் புது சேஃப்டி ஆபீசர் வந்தார். எல்லோரையும் எடை மிஷினில் ஏற்றினார். நம்ம ஆள் ஸ்பானர் எதுவும் இல்லாமலேயே நூறைத் தாண்டி நின்றார்.

"தொண்ணூத்தஞ்சுக்கு வாங்க, அப்புறம் மேலே போகலாம்" என்று சொல்லி ஸ்டோர் ரூமில் உட்காரவைத்துவிட்டார்கள். மூன்று மாதம் டைம். ஜூலையில் ஒரு திங்கட்கிழமை மறுபடி எடை. அன்றைக்கும் இறங்கவில்லை என்றால் அவர் இடத்துக்கு வேறு ஆள். இவருக்கு ஸ்டோர் ரூம் நிரந்தரம்.

சம்பளம் பெரிதாகக் குறையாது. ஆனால் அவர் குறைந்துபோனார். எங்கள் கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஏறுகிற மனுஷன். அன்றிலிருந்து வேலை முடிந்து வந்தால் பாயில் மல்லாந்து மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருப்பார். என்னவென்று கேட்டால், "மேல காத்து கீது. கீழ இன்னா கீது? நட்டு போல்ட்ட எண்ணிக்கினு குந்திகினு கீறேன்" என்பார். அவ்வளவுதான் பேச்சு.

அப்போதுதான் ஸ்டெல்லா வந்தாள். எங்கள் மாடி வீட்டில் குடியிருக்கிற பெண். ராயபுரத்துக்காரி. தண்டையார்பேட்டையில் பெண்கள் ஜிம் ஒன்றில் பயிற்சி கொடுக்கிறாள். நான் அவருக்கு ராத்திரிச் சோற்றை நிறுத்தப்போகிறேன் என்றதும் தடுத்தாள்.

"பட்டினி போட்டா எடை போவும்க்கா. கூடவே தெம்பும் போவும். அப்பறம் அண்ணன் ஏணி ஏறறது எப்டி? கொழுப்பத்தான் எறக்கணும், சதைய இல்ல."

மறுநாளே மொட்டைமாடியில் பயிற்சி ஆரம்பமாகிவிட்டது. தண்ணீர் கேனைத் தூக்கி உட்கார், எழுந்திரு. சுவரில் கை வைத்துத் தள்ளு. நான் தட்டில் சோற்றைக் குறைத்து, கீரையையும் முட்டையையும் கூட்டினேன். அத்தோடு நின்றிருக்கலாம். நின்றேனா?

ரவிக்கை தைக்கிற டேப் என் கையில் ஏறிவிட்டது.

எழுந்ததும் ஓர் அளவு. வேலைக்குக் கிளம்பும்போது ஓர் அளவு. வந்ததும் ஒன்று. சாப்பிட்டு ஏப்பம் விட்டதும் ஒன்று. "இன்னாமே, எனக்கு ரவிக்க தைக்கப் போறியா?" என்பார். நான் விடவில்லை.

அளக்க அளக்கத்தான் ஒரு விஷயம் பிடிபட்டது. சனிக்கிழமை இடுப்பு இறங்கும். திங்கட்கிழமை ஏறும். வாராவாரம் இதே கூத்து. வெள்ளி, சனி இரண்டும் எங்கள் வீட்டில் மீன், கருவாடு என்று கவிச்சி எதுவும் கிடையாது. வெள்ளிக்கிழமை அம்மனுக்கு எலுமிச்சை விளக்கு வேறு. ஆகவே சனிக்கிழமை இறங்குவது ஆத்தாளின் அருள். சரி. திங்கட்கிழமை ஏறுவது? வேறென்ன... கண்ணேறுதான்.

ஒரு திங்கட்கிழமை, விளக்கு வைக்கும் நேரம். அவரை வாசலைப் பார்த்து உட்காரவைத்து, ஒரு கை நிறையக் கல்லுப்பும் மிளகாயும் எடுத்துக்கொண்டு சுற்றப்போனேன். ஸ்டெல்லா படியிறங்கி வந்தாள்.

"யாருக்குக்கா?"

"உங்க அண்ணனுக்குத்தான். சனிக்கெழம எறங்கின இடுப்பு இன்னிக்கி ஏறிகீது. எவளோ நல்லா கண்ணு வெச்சிக்கீறா."

"நேத்து இன்னா சாப்ட்டீங்க?"

"ஞாயித்துக்கெழம இன்னா சாப்டுவாங்க? கருவாட்டுக் கொழம்பு, ஊறுகா. சாயங்காலம் கட தெருவுல பஜ்ஜி."

"கையில இன்னா?"

"உப்பு."

"வவுத்துக்குள்ள போனதும் அதான்க்கா" என்றாள். "உள்ள போன உப்ப வுட்டுட்டு, வெளிய உப்ப சுத்திகினு கீறே."

நாற்காலியில் இருந்தவர் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். கீழே இறக்கப்பட்ட பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். அதனாலேயே எனக்குக் கோபம் வரவில்லை.

உப்பு எங்கே இருக்கிறதோ அங்கே தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளுமாம் உடம்பு. ஞாயிற்றுக்கிழமை தின்றது திங்கட்கிழமை இடுப்பில் தண்ணீராக நிற்கும். இரண்டு மூன்று நாளில் தானாக வடிந்துவிடும். அது கொழுப்பே இல்லை. சாப்பிட்ட சோறு, போகாத வயிறு, தூங்காத ராத்திரி... எல்லாமே டேப்பில் ஏறி இறங்குமாம்.

"எங்கப்பா மீன் புடிக்கிறவரு. ஒரு அலைய பாத்துட்டு கடலு ஏறிடுச்சின்னு சொல்ல மாட்டாரு. நீ ஒவ்வொரு அலைக்கும் ஓடி வர்ற" என்றாள்.

எல்லாம் புரிந்தது. ஆனாலும் எடுத்த உப்பைச் சுற்றாமல் கீழே வைக்கலாமா? சுற்றிப் போட்டுவிட்டுத்தான் மறுவேலை பார்த்தேன்.

புரிந்தால் நிம்மதி வரவேண்டும் அல்லவா? வரவில்லை. அடுத்தது எடை மிஷின்.

மெடிக்கல் ஷாப் வாசலில் இருக்கிற மிஷின்தான். முதலில் மளமளவென்று இறங்கியது. பிறகு ஆணி அடித்தாற்போல் நின்றது. வைகாசி போய் ஆனி வந்தது. அசையவில்லை. அது போதாதென்று சட்டைக் கை இறுக ஆரம்பித்தது. புஜத்தில் டேப் வைத்தால் போன மாதத்தைவிடக் கூடுதல்.

"கொறைக்கச் சொன்னா வளத்துகினு கீறியே மாமா..." என்று தலையில் அடித்துக்கொண்டேன். தண்ணீர் கேனை ஒளித்துவைத்தேன். பயிற்சியை நிறுத்தினால் எடை இறங்கும் என்று கணக்கு.

ஸ்டெல்லா கேனைத் தேடிக்கொண்டு வந்துவிட்டாள். "பயிற்சி பண்ணா சதை வலிக்குதில்ல? வலிக்கிற எடத்துல தண்ணி சேந்துக்கும். அது ஆறுற வரிக்கும் எடை காட்டும். கொழுப்பு போற எடத்துல சதையும் கொஞ்சம் வருது. மிஷினுக்கு ரெண்டும் ஒண்ணுதான். அத்த வுடு, பேன்ட்டு இன்னா சொல்லுது?"

பேன்ட் நிற்கவில்லை. இடுப்பு பெல்ட்டில் ஆணியைச் சுட்டுப் புது ஓட்டை போட்டதே நான்தான். போட்ட கைதான் மறுநாள் காலையில் டேப்பையும் எடுத்தது!

டேப் விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. ஒரு நாள் அவர் சொன்னார். "நேத்து தொப்புளுக்கு மேல வெச்ச. இன்னிக்கி கீழ. சந்தோசமா கீற அன்னிக்கி இஸ்து புடிக்கிற. பயந்த அன்னிக்கி தொளதொளன்னு வுடற. நீ என்ன அளக்கலமே. உன்னத்தான் அளந்துக்கினு கீறே."

டேப்பைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டேன். நீங்களே சொல்லுங்கள். பிள்ளைக்கு ஜுரம் என்றால் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை நெற்றியைத் தொடுகிறோம். தொட்டால் இறங்கிவிடுமா? இட்லிப் பானையைத் திறந்து திறந்து பார்த்தால் ஆவிதான் போகும். இட்லி அதன் நேரத்துக்குத்தான் வேகும். இது தெரியாத பெண் உண்டா? ஆனாலும் மூடியில் கை போகிறதே...

இப்போது அந்தத் திங்கட்கிழமைக்கு வருகிறேன். காலண்டரைப் பார்த்தேன். முந்தின நாள் ஆடி முதல் ஞாயிறு. எங்கள் தெரு அம்மனுக்குக் கூழ் ஊற்றும் நாள்.

கூழ் என்றால் வெறும் கூழா? கேழ்வரகுக் கூழ், முருங்கைக்கீரை, மேலே கொதிக்கக் கொதிக்கக் கருவாட்டுக் குழம்பு. வருஷா வருஷம் கூழ் அண்டாவைத் தூக்கி வைப்பது என் வீட்டுக்காரர்தான். ஊற்றுவதும் அவர்தான். மூன்று மாதமாக நான் எந்த ஆத்தாளை வேண்டிக்கொண்டேனோ, அவளே எடைக்கு முந்தின நாள் உப்போடு வந்து நிற்கிறாள். நான் என்ன செய்ய?

அண்டாவுக்குப் பக்கத்தில் போய் அவர் காதில் சொன்னேன். "மாமா, ஊத்தறதோட நிறுத்திக்க. குடிக்காத. நாளைக்கி எடை."

"ஊருக்கே ஊத்திட்டு நான் குடிக்காம போனா ஆத்தா இன்னா நெனைப்பா?"

"ஆத்தாகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

"நீ சொல்லுவ" என்றார் கரண்டியை விடாமல். "மேல ஏறும்போது அவகூட தனியா கீறது நானு."

ஒரு சொம்புக் கூழை அண்ணாந்து குடித்தார். குழம்பும் விட்டுக்கொண்டார். வரிசையில் ஸ்டெல்லாவும் சொம்போடு நின்றாள். நான் முறைத்ததும், "கூழு ஒண்ணும் பண்ணாதுக்கா. கொழம்புதான் கொஞ்சம்..." என்று இழுத்துவிட்டு, தனக்கு இரண்டு கரண்டி குழம்பு வாங்கிக்கொண்டாள்.

திங்கட்கிழமை தொண்ணூற்றைந்துக்கு மேலே கொஞ்சம் நின்றது முள். கொஞ்சம்தான். ஆனால் மேலே.

ஆபீசர் அவருடைய தொளதொள பேன்ட்டைப் பார்த்தாராம். "வியாழக்கிழமை இன்னும் சில பேருக்குப் பார்க்கிறோம். வாங்க. அதுதான் கடைசி" என்றாராம்.

அன்று சாயங்காலம் கோயிலில் போய் நின்றேன். விளக்கு ஏற்றவில்லை. "அவரு உன்னத்தானே நம்பிக் குடிச்சாரு" என்று கேட்டேன். அவ்வளவுதான் கேட்க முடிந்தது. மற்றதெல்லாம் அழுகையாகப் போய்விட்டது.

வீட்டுக்கு வந்ததும் புத்தி கோணலாகப் போனது. தண்ணீர் குடிக்காவிட்டால் எடை இறங்கும் என்று யாரோ சொன்னது ஞாபகம். நேற்று, புதன்கிழமை, வேலையிலிருந்து வந்தவருக்கு அரை டம்ளர்தான் கொடுத்தேன்.

டம்ளரைத் திருப்பிப் பார்த்தார். "தண்ணி இல்லாம மேல போய் தல சுத்திச்சின்னு வெய்யி. அப்ப பெல்ட்டு இன்னா பண்ணும்?" என்றார். கோபமே இல்லாமல் கேட்டார். எழுந்துபோய்ச் செம்பு நிறைய மொண்டு கொடுத்தேன். அவர் குடித்து முடிக்கும் வரை என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

இன்று வியாழக்கிழமை, காலை. கிளம்பிவிட்டார். செருப்பில் கால் நுழைத்தவர் திரும்பி வந்தார். மூன்று மாதமாக டேப்பைக் கண்டால் ஓடுகிற மனுஷன், கூடத்து நடுவில் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றார்.

"அளந்துக்க" என்றார்.

டேப்பைச் சுற்றிப் பிடித்தேன். இழுக்கவும் இல்லை, தளர விடவும் இல்லை. எண்ணைப் படிக்கவில்லை. கண் தெரிந்தால்தானே படிக்க?

அவர் போய்விட்டார். ஒன்பது மணிக்கு எடை என்றார். இப்போது மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. நல்ல சேதி என்றால் அப்போதே பேசியிருக்க மாட்டாரா? ஸ்டோர் ரூமில் உட்கார்ந்திருந்தால் போன் கையில்தானே இருக்கும்? பேச மனசில்லாமல்...

இருங்கள். போன்.

"மே, சாப்டியா?"

"என் சோறு கெடக்குது. இன்னா ஆச்சி மாமா?"

"இன்னா ஆச்சின்னா? மேல ஏறும்போது போனு எட்த்துனு போவக் கூடாதில்ல. இப்பதான் கீழ எறங்கினேன். பசி உயிர் போவுது. டப்பாவுல இன்னா வெச்சிக்கீறே?"

கீழே இறங்கினாராம்! என்ன வைத்தேன் என்று எனக்கு ஞாபகமே வரவில்லை. காலையில் களைந்த இரண்டு பாத்திர அரிசியும் சமையலறையில் ஊறிக்கொண்டிருக்கிறது. எத்தனை கிலோ காட்டியது என்று கேட்கவும் மறந்துவிட்டேன்.

இந்த ஞாயிறு பக்கத்துத் தெருவில் கூழ். அண்டா தூக்க அவர் உண்டு, சொம்பு நீட்ட ஸ்டெல்லா உண்டு... திங்கட்கிழமை டேப்புக்கு மட்டும் லீவு.